டெர்னாவின் அணைகளும் எமது குளக்கட்டுகளும்

வெள்ளத்திலிருந்து ஒரு நகரத்தைக் காப்பதற்கெனக் கட்டப்பட்ட அணைகளே அந்நகரத்தின் பெரும் பகுதியைக் கடலுக்குள் அடித்துச் சென்ற கொடுமை, 2023 செப்டெம்பர் 11 ஆம் திகதி அதிகாலையில் வட ஆபிரிக்க நாடான லிபியாவின் டெர்னா நகரில் நிகழ்ந்தது. உறக்கத்தில் இருந்த மக்கள் உறக்கத்திலேயே மாண்டனர். குடும்பங்கள் முழுமையாக அழிந்தன. உயிரிழந்தோரின் சரியான தொகை குறித்து இன்றுவரை ஒருமித்த கணக்கு இல்லை. அடக்கம் செய்யப்பட்டோரின் எண்ணிக்கையே பல ஆயிரங்களைத் தாண்டியது. காணாமற் போனோர் மேலும் பல ஆயிரம் பேர். இவர்களுள் பெரும்பாலானோரைக் கடல் திருப்பித் தரவேயில்லை.

தொலைவிலுள்ள நாடொன்றின் துயரத்தை இன்று நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் எமது நாட்டைப் புரட்டிப் போட்டபோது அறுநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மலையகத்தில் மண் சரிந்தது. தாழ்நிலங்களில் ஆறுகள் கரை கடந்தன. கிழக்கில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர், சேருவில, வெருகல் பகுதிகளின் மக்கள் அவசர அவசரமாக இடம்பெயர நேர்ந்தது. அத்துயரத்தின் பின்னர் நிவாரணம் பற்றியும் புனர்நிர்மாணம் பற்றியும் நிறையவே பேசப்பட்டது. ஆனால் எமது மக்களின் தலைக்கு மேலே நீரைத் தாங்கி நிற்கும் கட்டுகளின் பாதுகாப்புப் பற்றிப் பேசப்பட்டது குறைவே. டெர்னாவின் அனுபவத்தை ஆற அமர நோக்கினால், எமக்குரிய கேள்விகள் அங்கே வரிசையாக நிற்பதைக் காணலாம்.

டெர்னா, மத்தியதரைக் கடலோரத்தில் பச்சை மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பழம்பெரும் நகரம். மல்லிகைக்கும் இலக்கியத்துக்கும் பெயர்பெற்றது. நபித்தோழர்கள் சிலர் அடங்கியுள்ள இடமாகப் போற்றப்படும் ஸஹாபாப் பள்ளிவாசல் அங்கேதான் உள்ளது. அந்நகரத்தின் நடுவே ஓடிக் கடலில் கலப்பது டெர்னா வாதி. 'வாதி' என்பது ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, மலையில் மழை பெய்தால் மட்டும் நீரோடும் காட்டாறு. ஏறத்தாழ 575 சதுர கிலோமீற்றர் பரப்பில் பெய்யும் மழை முழுவதும் குறுகலான அப்பள்ளத்தாக்கின் வழியே நகரத்தை நோக்கி வந்து சேர்கின்றது. வறண்டு கிடக்கும் ஆறு மனிதரை ஏமாற்றக் கூடியது. 1941 ஆம் ஆண்டிலும் 1959 ஆம் ஆண்டிலும் அந்த வாதியில் வந்த பெருவெள்ளங்கள் இதனை டெர்னா மக்களுக்கு உணர்த்தியிருந்தன.

இந்த அனுபவங்களின் பின்னரே 1970 களில் அன்றைய யூகோஸ்லாவிய நாட்டு நிறுவனமொன்று அங்கே இரண்டு அணைகளைக் கட்டியது. நகரிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் மேலே அபூ மன்சூர் அணை. அதன் கொள்ளளவு 2 கோடியே 25 இலட்சம் கன மீற்றர். நகரின் விளிம்பிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்தில் அல்-பிலாத் அணை. அதன் கொள்ளளவு வெறும் 15 இலட்சம் கன மீற்றர். இரண்டையும் கூட்டினாலும் எமது கந்தளாய்க் குளத்தின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. உலக அளவில் எவரும் பெரிதாகப் பேசாத சிறிய நீர்த்தேக்கங்கள் அவை. சிறிய அணை சிறிய ஆபத்தையே தரும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகின்றது. ஆபத்தைத் தீர்மானிப்பது அணையின் அளவு மட்டுமன்று. அதன் கீழே யார் வாழ்கின்றார்கள், எவ்வளவு அருகில் வாழ்கின்றார்கள் என்பதுமாகும்.

வெள்ளத் தடுப்பு அணை என்பது எமது மக்கள் பழகிய குளத்திலிருந்து வேறுபட்டது என்பதை இங்கு விளக்குவது அவசியமாகின்றது. குளம் நிரம்பினால் விவசாயி மகிழ்வான். வான் பாயும் நாளைப் பொங்கல் வைத்துக் கொண்டாடும் ஊர்கள் எம்மிடம் உண்டு. வெள்ளத் தடுப்பு அணையின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அது வெறுமையாக இருக்கும்போதே தன் கடமைக்குத் தயாராக இருக்கின்றது. மலையிலிருந்து ஒரே இரவில் இறங்கி வரும் நீரைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கீழேயுள்ள ஆறு தாங்கக்கூடிய அளவில் சிறிது சிறிதாக வெளியே விடுவதே அதன் பணி. ஆதலால் வண்டல் படிந்து அதன் வயிறு சுருங்கினாலோ, அடி மதகு குப்பைகூளத்தால் அடைபட்டாலோ, வேறு தேவைக்கென அதில் நீரைத் தேக்கி வைத்தாலோ, அந்த அளவுக்கு அது தன் காவல் வலிமையை இழந்துவிடுகின்றது.

அணையின் உடலமைப்பும் கவனத்துக்குரியது. டெர்னாவின் அணைகள் நடுவே களிமண்ணும் இருபுறமும் கற்குவியலுமாக அமைந்தவை. நன்கு பராமரிக்கப்பட்டால் இத்தகைய கட்டுகள் நீண்டகாலம் நிலைத்து நிற்கும். ஆனால் நீர் கட்டின் உச்சிக்கு மேலால் வழியத் தொடங்கிவிட்டால், கொங்கிறீற் அணையைப் போல அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. வழியும் நீர் மறுபக்கச் சரிவை அரிக்கும், அரிப்பு கிடங்காகும், கிடங்கு வாய்க்காலாகும், பின்னர் சில மணி நேரத்துக்குள் கட்டே இல்லாது போய்விடும். மண் அணைகளின் மற்றொரு பகை கசிவு. தெளிந்த நீராகக் கசியும்வரை அச்சம் குறைவு. கசியும் நீர் கலங்கலாக மாறுமாயின் கட்டின் உள்ளேயிருந்து மண் கரைந்து வெளியேறுகின்றது என்பதே அதன் பொருள். இவற்றைக் கண்டறிவதற்குப் பெரிய விஞ்ஞானக் கருவிகள் தேவையில்லை. கட்டின் அடிவாரத்தில் நடந்து பார்க்கும் ஒருவர் இருந்தாலே போதும்.

1986 ஆம் ஆண்டில் டெர்னா வாதியில் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. அணைகள் சேதமுற்றபோதிலும் உடையவில்லை, நகரம் பிழைத்தது. அவை கட்டப்பட்ட நோக்கம் அன்று நிறைவேறியது என்றே கூறவேண்டும். ஆனால் வெள்ளத் தடுப்பு அணையின் வெற்றிக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. அது வெற்றி பெறும்போது எதுவுமே நடப்பதில்லை. நடக்காத அழிவை எவரும் காண்பதில்லை. காணாததை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அணை இருக்கின்றது என்ற நம்பிக்கையில் டெர்னாவின் வீடுகளும் கடைகளும் அடுக்குமாடிகளும் வாதியின் இரு கரைகளிலும் நெருங்கி எழுந்தன. நகரத்துக்குக் காவல் இருக்கின்றது என்ற நம்பிக்கை வளர்ந்துகொண்டே சென்றது. காவலோ ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே சென்றது. இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளியில்தான் ஆயிரக்கணக்கான உயிர்கள் வீழ்ந்தன என்பது எமது கருத்தாகும். பராமரிக்கப்படாத காவல் அணை, அணையே இல்லாதிருப்பதை விட ஆபத்தானது. அணை இல்லாத இடத்தில் மனிதர்கள் ஆற்றுக்கு அஞ்சி விலகி வாழ்வார்கள். அணை உள்ள இடத்தில் அச்சமின்றி நெருங்கி வாழ்வார்கள்.

எச்சரிக்கைகள் இல்லாமல் இந்த அழிவு வந்துவிடவில்லை. அணைகளில் வெடிப்புகள் இருப்பது 1998 ஆம் ஆண்டிலேயே பதிவாகியது. பின்னர் ஆய்வு செய்த இத்தாலிய நிறுவனம் அச்சேதங்களை உறுதிப்படுத்தியதோடு நகரைக் காக்க மேலும் ஓர் அணை தேவை என்றும் பரிந்துரைத்தது. 2007 ஆம் ஆண்டில், கடாபியின் ஆட்சிக் காலத்தில், திருத்த வேலைகள் துருக்கிய நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டன. கொடுப்பனவுச் சிக்கல்களால் இழுபட்ட வேலை 2010 ஒக்டோபரில் தொடங்கியது. ஐந்து மாதங்கள் நிறைவடைவதற்குள் 2011 ஆம் ஆண்டின் கிளர்ச்சி வெடிக்க, வேலையும் நின்றது. அதன் பின்னரும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்பட்டதாகக் கணக்கேடுகள் கூறின. அணையில் எந்த மாற்றமும் இல்லை. 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இருபது இலட்சம் யூரோக்களுக்கும் அதிகமான நிதி ஒதுக்கப்பட்டிருந்தும் திருத்தம் நடைபெறவில்லை என்பதை அந்நாட்டின் கணக்காய்வுப் பணியகம் 2021 ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. உமர் அல்-முக்தார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீரியல் ஆய்வாளர் அப்துல் வனீஸ் அஷூர், பெருவெள்ளம் வந்தால் விளைவு பேரழிவாக இருக்கும் என்றும் அணைகளுக்கு உடனடிப் பராமரிப்புத் தேவை என்றும் 2022 ஆம் ஆண்டில் எழுதினார். அடுத்த ஆண்டே அவரது எச்சரிக்கை மெய்யாயிற்று.

திரிப்போலியில் ஓர் அரசாங்கமும் கிழக்கில் இன்னோர் அதிகாரமும் என நாடு பிளவுண்டு கிடந்த நிலையில், டெர்னாவின் அணைகள் எவருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு விடையே இருக்கவில்லை. அதிகாரத்துக்கு உரிமை கோரியோர் பலர். பொறுப்புக்கு உரிமை கோரியோர் எவருமிலர்.

2023 செப்டெம்பர் 10 ஆம் திகதி 'டானியல்' புயல் லிபியக் கரையைக் கடந்தது. டெர்னாவுக்கு மேற்கேயுள்ள அல்-பைதா நகரில் 24 மணித்தியாலங்களில் 414.1 மில்லிமீற்றர் மழை பதிவானது. அன்றிரவு டெர்னா மக்களுக்குக் கிடைத்த அறிவுறுத்தல்கள் ஒன்றோடொன்று முரண்பட்டவை. சில பகுதியினரை வெளியேறுமாறு கூறப்பட்டது. அதேவேளை ஊரடங்கு விதிக்கப்பட்டு, வீட்டை விட்டு வெளியே வரவேண்டாம் என்றும் அறிவிக்கப்பட்டது. பலர் கடலலைக்கு அஞ்சினார்கள். மலைப்பக்கமிருந்து மரணம் வரும் என்பதை அறியவில்லை. மேலணை உடைந்தது. அதில் தேங்கிய நீர் முழுவதும் கீழணையின் மீது பாய்ந்தது. 15 இலட்சம் கன மீற்றர் மட்டுமே கொள்ளக்கூடிய கீழணை, அதைப் போல் பதினைந்து மடங்கு நீரை எவ்வாறு தாங்கும்? நகரத்தின் நடுப்பகுதி கட்டடங்களோடும் பாலங்களோடும் கடலுக்குள் சென்றது. முறையான வானிலைச் சேவையும் எச்சரிக்கை ஏற்பாடும் இருந்திருப்பின் பெரும்பாலான உயிரிழப்புகளைத் தவிர்த்திருக்கலாம் என உலக வானிலை அமைப்பின் அன்றைய செயலாளர் நாயகம் பெத்தேரி தாலஸ் அப்போது கூறியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இது இயற்கையின் சீற்றம், மனிதரால் என்ன செய்ய முடியும் என்று கூறித் தப்பித்துக்கொள்ள முனைவோர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். அந்த மழை அசாதாரணமானது என்பதை நாம் மறுக்கவில்லை. புவி வெப்பமடைதலால் அப்பகுதியில் இத்தகைய மழைக்கான வாய்ப்பு 50 மடங்கு வரை அதிகரித்திருந்தது என்று சர்வதேச விஞ்ஞானிகள் குழுவொன்று கணித்தது. நன்கு பராமரிக்கப்பட்டிருந்தாலும் அவ்வணைகளால் அன்றைய வெள்ளத்தை முழுமையாக அடக்கியிருக்க முடியாது என்று கருதும் பொறியியலாளர்களும் உள்ளனர். ஆயினும் அதே விஞ்ஞானிகள், போர்ச்சூழலும் பராமரிப்பின்மையும் வெள்ளநிலத்தில் எழுந்த கட்டடங்களும் சேர்ந்தே மழையைப் பேரழிவாக மாற்றின என்பதையும் சுட்டிக்காட்டத் தவறவில்லை. அணையால் தாங்க முடியாத வெள்ளம் வரக்கூடும் என்றால், அணையின் கீழ் வாழும் மக்களுக்கு அதனை முன்கூட்டியே சொல்லி, தப்பும் வழியையும் காட்டி வைத்திருக்க வேண்டும். அணைப் பாதுகாப்பு என்பது கல்லும் மண்ணும் பற்றிய விடயம் மட்டுமல்ல என்று நாம் வலியுறுத்துவது இதனாலேயே.

வெள்ளத் தடுப்பு அணை நூறாண்டு நின்று மக்களைக் காக்கக்கூடியது என்பதற்கும் உலகில் உதாரணம் உண்டு. 1913 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் மயாமி ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பெருவெள்ளம் தாக்கியது. டேட்டன் நகரம் மூழ்கியது. முந்நூற்று அறுபதுக்கும் அதிகமானோர் மாண்டனர். கூரைக்குக் கீழே பரணில் ஒண்டியிருந்து உயிர்தப்பிய மக்கள், இத்துன்பம் மீண்டும் வரவிடமாட்டோம் என்று அங்கு செய்துகொண்ட சபதத்தை மறக்கலாகாது என்ற கோஷத்தோடு நிதி திரட்டினார்கள். 1922 ஆம் ஆண்டளவில் ஐந்து மண் அணைகள் கட்டி முடிக்கப்பட்டன. 1913 இன் வெள்ளத்தை விட 40 வீதம் அதிகமான நீரைத் தாங்குமாறு அவை திட்டமிடப்பட்டன. அவற்றில் திறந்து மூடும் கதவுகளே இல்லை; அடியிலுள்ள வழிகளூடாக ஆறு எப்போதும் போல ஓடும். வெள்ளம் வரும்போது மட்டும் மிகுதி நீர் தானாகவே பின்னால் தேங்கும். மற்றைய நாட்களில் அந்த நிலத்தில் பயிர் செய்கின்றார்கள்; பிள்ளைகள் விளையாடுகின்றார்கள். இதுவரை இரண்டாயிரம் தடவைகளுக்கு மேல் அவ்வணைகள் வெள்ளத்தை மறித்துள்ளன.

டெர்னாவுக்கும் டேட்டனுக்கும் இடையிலான வேறுபாடு பணத்தால் மட்டும் வந்ததன்று. டேட்டனில் அணைகளுக்கென்றே சட்டத்தின் மூலம் ஒரு நிர்வாக சபை அமைக்கப்பட்டது. அணையால் பயன்பெறும் நிலவுடைமையாளர்களிடமிருந்து பராமரிப்புக்கான கட்டணம் தொடர்ந்து அறவிடப்படுகின்றது. ஆகவே அந்த அணைகளின் பொறுப்பாளர் யார், பராமரிப்புக்கான பணம் எங்கிருந்து வருகின்றது என்ற கேள்விகளுக்கு நூறாண்டுகளாக விடை இருக்கின்றது. டெர்னாவில் அணையைக் கட்டினார்கள். அணையோடு சேர்த்துப் பொறுப்பைக் கட்ட மறந்துவிட்டார்கள். 2024 ஜூலை மாதத்தில் டெர்னா நீதிமன்றமொன்று அதிகாரிகள் பன்னிரண்டு பேருக்கு 9 முதல் 27 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதித்தது. அணை உடைந்த பின்னர் பொறுப்பாளரைத் தேடிப் பிடிப்பதால் மாண்டவர்களுக்கு ஆவது ஒன்றுமில்லை.

இனி, எமது நாட்டுக்கு வருவோம். அணை உடைப்பு என்பது எமக்குப் புதிய செய்தியன்று. அக்கபோதி மன்னனின் பணியெனச் சரித்திரமும் குளக்கோட்டனின் பணியெனத் தமிழ் ஐதிகமும் கூறும் கந்தளாய்க் குளத்தின் கட்டு, 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலையில் உடைப்பெடுத்தது. அதுவும் ஊர் உறங்கிய வேளையிலேயே நிகழ்ந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் பலியாகினர், ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் அழிந்தன, வயல்கள் மணல்மேடாயின. கட்டின் மீது கனரக வாகனங்கள் ஓடியதும் உடைப்புக்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. டெர்னா அணைகள் வெள்ளத்தில் சேதமுற்றும் நின்ற அதே ஆண்டில் கந்தளாய் உடைந்தது. அக்கட்டு பின்னர் மீளக் கட்டப்பட்டது. ஆனால் அந்த இரவின் பாடம் எவ்வளவு தூரம் எமது நிர்வாகத்தின் நினைவில் நிலைத்தது என்பது வேறு விடயம்.

இலங்கையில் பெரியனவும் நடுத்தரமானவையுமாக ஏறத்தாழ 350 அணைகளும், சிறிய அணைகள் 12,000 க்கு மேலும் உள்ளன என்பது உலக வங்கியின் கணக்கு. அவ்வங்கியின் உதவியோடு 2008 ஆம் ஆண்டில் அங்கீகரிக்கப்பட்ட அணைப் பாதுகாப்புத் திட்டத்தின் மூலம் முக்கியமான பல அணைகள் திருத்தப்பட்டன. இது பாராட்டுக்குரியது. ஆனால் எமது கவலை பெயர்பெற்ற பேரணைகளைப் பற்றியதன்று. அவற்றைப் பார்க்கப் பொறியியலாளர்கள் உள்ளனர். ஊர்க்கோடியில் கிடக்கும் சிறு குளக்கட்டுகளும் வெள்ளக் காப்பு அணைகளுமே எமது கவலைக்குரியவை. எமது கட்டுகளில் சில நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியவை. சில மாகாணத் திணைக்களத்துக்கு உரியவை. சில மகாவலி அதிகாரசபைக்கும் மின்சார சபைக்கும் உரியவை. இருநூறு ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் பாய்ச்சும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தைச் சார்ந்தவை. கைவிடப்பட்ட குளங்களோ பெயரளவில் மட்டுமே எவருக்கேனும் உரியவை. நாடு இரண்டாகப் பிளவுபடாமலேயே பொறுப்பு ஐந்தாகப் பிளவுபடக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் பல குளக்கட்டுகள் ஆண்டுக்கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடந்தன. கட்டின் மேல் மரங்கள் வேரோடின. கறையான் புற்றுகள் எழுந்தன. எலிகளும் உடும்புகளும் வளை தோண்டின. வெளியே மண்ணைக் கொட்டிப் பூசிவிட்டால் உள்ளேயுள்ள பொந்து அடைபட்டுவிடுவதில்லை. 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கை மூழ்கடித்த வெள்ளத்தில் சிறு குளங்கள் பல உடைப்பெடுத்தமையை மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மாவட்ட விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். எமது குளங்கள் பலவும் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொடராய் அமைந்தவை என்பதும் சிந்தனைக்குரியது. மேற்குளத்தின் வான் நீர் கீழ்க்குளத்தை அடையும். அதே ஒழுங்கில் மேற்குளம் உடைந்தால் கீழ்க்குளமும் உடையும். டெர்னாவில் இரண்டு அணைகளுக்கு நேர்ந்தது, எமது தொடர்க்குளங்களில் ஐந்துக்கும் ஆறுக்கும் நேரக்கூடும்.

இதில் மக்களின் பங்கும் இல்லாமலில்லை. சிறுபோகத்துக்குச் சிறிது நீர் மிஞ்சட்டும் என்று வானின் மேல் மண்மூட்டை அடுக்கி நீர்மட்டத்தை உயர்த்துவது சில இடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த ஓரடி நீர் கட்டின் பாதுகாப்புக்கென விடப்பட்ட ஓரடியைத் தின்றுவிடுகின்றது. வான் நீர் ஓடும் வழியை நிரவிக் குடியேறுவதும், கட்டில் மண் அள்ளுவதும், உழவு இயந்திரங்களையும் டிப்பர்களையும் கட்டின் மேல் ஓட்டுவதும் அவ்வாறே. முன்னர் வட்டவிதானை என்றொருவர் இருந்தார். மாரி தொடங்கும் முன் கட்டை நடந்து பார்ப்பதும், துருசைத் திறந்து பார்ப்பதும், ஊரைக் கூட்டிக் கட்டுத் திருத்துவதும் அவருடைய கடமை. கடமை தவறினால் ஊர் அவரைக் கேட்கும். இன்று திணைக்களங்கள் பல உள்ளன. அவ்வாறு கேட்கப்படக்கூடிய ஒருவர் இல்லை.

எச்சரிக்கை விடயத்தில் எமது மக்களுக்குத் தனியான ஓர் மனக்குறையும் உண்டு. 'டித்வா' புயலின்போது அபாய அறிவிப்புகள் பல உரிய நேரத்தில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பு கூறும் நாட்டில், வான்கதவுகள் திறக்கப்படுகின்றன என்ற அறிவித்தலைத் தமிழ்பேசும் தாயொருத்தி அயலவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது வெட்கக்கேடு. அரசியல் தீர்வு வரும்வரை காத்திருக்கலாம் என்று சொல்லக்கூடிய விடயமன்று இது. வெள்ளம் மொழி பார்ப்பதில்லை. எச்சரிக்கைதான் மொழி பார்க்கின்றது. டெர்னா மக்களுக்குத் தம் தாய்மொழியில் கிடைத்த அறிவித்தலே முரண்பட்டதாக இருந்து உயிரைக் குடித்தது. புரியாத மொழியில் வரும் அறிவித்தலின் விளைவைச் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே அரசாங்கத்திடமும் மாகாண நிர்வாகங்களிடமும் நாம் வேண்டுவது பெரிய நிதியைக் கோரும் பாரிய திட்டமன்று. ஒவ்வொரு குளக்கட்டுக்கும் ஒவ்வொரு வெள்ளத் தடுப்பு அணைக்கும் பொறுப்பான அதிகாரி யார் என்பதைப் பதவியோடும் தொலைபேசி இலக்கத்தோடும் அவ்விடத்திலேயே மூன்று மொழிகளிலும் எழுதி வைக்கட்டும். மாரிக்கு முன்னர் விவசாய அமைப்புகளின் பிரதிநிதிகளையும் அழைத்துக்கொண்டு கட்டை நடந்து பார்த்து, கண்ட குறைகளைப் பிரதேச செயலகத்தில் பகிரங்கமாக வெளியிடட்டும். கட்டு உடைந்தால் எந்தெந்த ஒழுங்கைகளுக்கு எத்தனை நிமிடத்தில் நீர் வரும், எந்த மேட்டுக்கு ஓடவேண்டும் என்பதைக் காட்டும் வரைபடம் ஒவ்வொரு கிராம உத்தியோகத்தரிடமும் பாடசாலையிலும் இருக்கட்டும். நள்ளிரவில் கைத்தொலைபேசிகள் ஓய்ந்திருக்கும் வேளையில் பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் கோயில் மணியும் ஆலய மணியும் ஊரை எழுப்ப உதவும். அதற்கான ஒழுங்கை நிர்வாகமும் மதத் தலைவர்களும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அணைகளின் பாதுகாப்புக்கு நாடு முழுவதற்கும் பதில் சொல்லக்கூடிய, சட்ட அதிகாரம் கொண்ட ஒரே அமைப்பு வேண்டும். கட்டை வைத்திருக்கும் திணைக்களமே அதற்குச் சான்றிதழும் வழங்கும் நிலை பொருத்தமானதன்று. பராமரிப்புக்கென ஒதுக்கப்படும் பணம் பராமரிப்புக்கே செலவாகின்றதா என்பதைப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் கேட்டறிய வேண்டும். டெர்னாவில் ஒதுக்கீடு இருந்தது, ஆய்வறிக்கை இருந்தது, ஒப்பந்தமும் இருந்தது. எனினும் வேலை நடக்கவில்லை. கடதாசியில் பலப்படுத்தப்பட்ட அணை கடதாசியைப் போலவே கரைந்து போனது.

மழை எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது எமது கையில் இல்லை. கட்டில் வெடிப்பு உள்ளதா, மதகு அடைபட்டுள்ளதா, கீழே வாழ்வோருக்கு அது தெரியுமா என்பவை முற்றிலும் எமது கையில் உள்ளவை. கந்தளாயில் ஒரு முறை பாடம் படித்தோம்; மாவிலாற்றில் மீண்டும் படித்தோம். மூன்றாவது முறையும் நள்ளிரவில் படிக்க நேராதிருக்க வேண்டுமாயின், அடுத்த மாரிக்கு முன்னர் ஒவ்வொரு கட்டின் மேலும் பொறுப்புள்ள ஒருவரின் கால் பட வேண்டும். வெயில் காலத்தில் செய்யவேண்டிய இவ்வேலையை வெயில் காலத்திலேயே செய்யுமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.